சோதனை நிலை இயங்குதளத்தை வேறொன்றின் துணையில்லாமல் நிறுவுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹைக்கூ, ஹர்டு, ரெடாக்ஸ் போன்றவற்றை முதல் முறையாக நிறுவிப் பார்ப்பவர்களுக்கு உதவும்போதெல்லாம் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே தொகுத்திருக்கிறேன். முடிந்தால் வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்கள் பல இடங்களில் முன்னால் சொன்னதைத் தொட்டுக்கொண்டு போகின்றன.

1. சோதனை நிலை இயங்குதளம்னு எதையெல்லாம் சொல்றீங்க?

இன்னும் கட்டப்பட்டுக்கொண்டிருக்கிற, தினசரி வேலைக்கு உத்தரவாதம் தராத இயங்குதளங்களை. இங்கே அடிக்கடி வரப்போவது ஐந்து. பீஓஎஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழியில் 2001 முதல் எழுதப்பட்டு வரும் ஹைக்கூ (ஐந்தாவது பீட்டா 2024 செப்டம்பரில் வந்தது). க்னூ திட்டத்தில் 1990-ல் தொடங்கிய ஹர்டு. இதை டெபியன் திட்டம் தரும் தொகுப்பாக நிறுவலாம். ரஸ்ட் மொழியில் 2015 முதல் எழுதப்படும் ரெடாக்ஸ். பெல் லேப்ஸின் பிளான் 9-லிருந்து 2011-ல் பிரிந்த 9ஃபிரன்ட். விண்டோஸ் மென்பொருள்களை ஓட்டுவதற்காக எழுதப்படும், இன்னும் ஆல்ஃபா நிலையில் உள்ள ரியாக்ட்ஓஎஸ்.

2. "வேற ஓஎஸ் துணையில்லாம"ன்னா சரியா என்ன அர்த்தம்? எங்க கோடு போடறது?

இதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் பேசினால் மற்ற எல்லாமே குழம்பிவிடும். மூன்று படிகளாகப் பிரிக்கலாம். முதல் படி: கணினியை அதன் சொந்த பென் டிரைவிலிருந்தோ சிடியிலிருந்தோ எழுப்பி, டிஸ்க்கைப் பிரிப்பது, ஃபார்மேட் செய்வது, கோப்புகளை நகலெடுப்பது, பூட்லோடரை (கணினி எழும்போது இயங்குதளத்தை ஏற்றித் தரும் சிறு நிரல்) எழுதுவது எல்லாவற்றையும் அந்த இயங்குதளமே செய்வது. இரண்டாம் படி: அடுத்த நிறுவலுக்கான பென் டிரைவையும் அதுவே தயாரிப்பது. மூன்றாம் படி: தன்னுடைய மூலநிரலைத் தனக்குள்ளேயே கம்பைல் செய்து (ஓடும் நிரலாக மாற்றி) தன்னைப் புதிதாக உருவாக்கிக்கொள்வது.

பெரும்பாலானவர்களுக்கு முதல் படி போதும், இந்தப் பக்கத்தின் முக்கால்வாசியும் அதைப் பற்றித்தான். மற்ற இரண்டும் 4, 15 ஆகிய கேள்விகளில் வருகின்றன.

3. லினக்ஸ்ல இருந்தே பார்ட்டிஷன் போட்டு, ஃபைலையெல்லாம் காப்பி பண்ணிடலாமே? எதுக்கு இந்தச் சிரமம்?

நியாயமான கேள்வி. ஹர்டு ரொம்ப காலம் அப்படித்தான் நிறுவப்பட்டது. ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸுக்குள் உட்கார்ந்து, ஒரு பார்ட்டிஷனை ஒதுக்கி, அதில் ஹர்டின் கோப்புகளைக் கொட்டி, பிறகு அதற்குள் பூட் செய்து மிச்ச வேலையை முடிப்பார்கள். வேலை நடக்கும். ஆனால் ஒரு நுணுக்கம் பலரைத் தடுக்கி விழ வைத்தது. ஹர்டில் ஒரு கோப்போடு ஒரு நிரலை ஒட்டி வைக்கலாம், அதற்கு டிரான்ஸ்லேட்டர் என்று பெயர். அந்த இணைப்பு ஐநோடுக்குள் (டிஸ்க்கில் ஒரு கோப்பின் விவரங்கள் இருக்கும் இடம்) எழுதப்பட்டது. லினக்ஸில் வழக்கம்போல எக்ஸ்ட்2 கோப்பு முறைமையாக ஃபார்மேட் செய்தால் அந்த இடம் ஹர்டுக்குக் கிடைக்காது. "இது ஹர்டுக்கானது" என்று ஃபார்மேட் செய்யும்போதே குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். சொல்ல மறந்தவருக்கு ஃபார்மேட் நல்லபடியாக முடிந்தது போலவே தெரியும், கோப்புகளும் சரியாகவே இருக்கும். கோளாறு பிறகுதான் வெளியே வரும், அதுவும் காரணம் புரியாத வடிவத்தில்.

ஹைக்கூவிலும் இப்படி ஒன்று உண்டு. அதன் பிஎஃப்எஸ் கோப்பு முறைமையில் ஒவ்வொரு கோப்போடும் கூடுதல் தகவல்கள் ஒட்டியிருக்கும், தேடலுக்கான அட்டவணைகளும் அங்கேயே இருக்கும். அதைப் பற்றி ஒன்றும் தெரியாத வேறொரு இயங்குதளத்தின் வழியாகக் கோப்புகள் போய் வந்தால் அவை உதிர்ந்துவிடும்.

இன்னொரு காரணமும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சோதனை நிலை இயங்குதளத்தை நிறுவுவதே ஒரு சோதனைதான். டிஸ்க்கைப் படிக்கிறதா, எழுதுகிறதா, விசைப்பலகை பதில் சொல்கிறதா, திரை ஒழுங்காக வருகிறதா என்று எல்லாமே நிறுவும் அந்த அரைமணியில் தெரிந்துவிடும். லினக்ஸை வைத்து டிஸ்க்கைத் தயார் செய்தால் அந்தத் தேர்வை லினக்ஸ் எழுதிக் கொடுத்துவிடுகிறது. முதல் பூட்டில்தான் உண்மை தெரியும், அப்போது எந்த இடத்தில் தவறு என்று பிரித்துப் பார்ப்பதும் கடினமாகிவிடும்.

4. இமேஜை பென் டிரைவ்ல எழுதவே இன்னொரு ஓஎஸ் வேணுமே? அப்ப எங்க "துணையில்லாம"?

முதல் தடவை வேண்டும்தான். காலியான கணினி தானாக இணையத்துக்குப் போய் இமேஜை (இயங்குதளம் முழுவதும் அடங்கிய ஒரே கோப்பு) இறக்கிக்கொள்ளாது. யாரிடமாவது எழுதி வாங்கலாம், அல்லது யூஎஸ்பி ஓடிஜி இணைப்புள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியிலிருந்தே இமேஜை பென் டிரைவில் எழுதும் செயலிகள் இருக்கின்றன. கைப்பேசிக்குள் இருப்பது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல்தான் என்பது உண்மை. ஆனால் உங்கள் கணினியின் டிஸ்க்கை அது தொடவில்லை, அதனால் முதல் படிக்கு அது குறையாகாது.

அதன் பிறகு வெளித்துணை தேவைப்படாது. நிறுவி முடித்ததும் முதல் வேலையாக, அதே இயங்குதளத்துக்குள் இருந்துகொண்டே இரண்டாவது பென் டிரைவ் ஒன்றைத் தயாரித்துவிடுங்கள். ஹைக்கூவின் இன்ஸ்டாலர் ஓடுகிற ஹைக்கூவை அப்படியே ஒரு பென் டிரைவில் நிறுவித் தரும். கேள்வி 2-ல் சொன்ன இரண்டாம் படி அத்தோடு முடிந்தது. இந்த இரண்டாவது பென் டிரைவ் கேள்வி 13-ல் உங்களைக் காப்பாற்றும்.

5. ஐஎஸ்ஓ ஃபைலை பென் டிரைவ்ல காப்பி பண்ணிட்டேன். பூட் ஆகவே இல்லையே?

ஐஎஸ்ஓ என்ற இமேஜ் கோப்பை உள்ளே போடுவது வேறு, இமேஜை எழுதுவது வேறு. எழுதுவது என்றால் பென் டிரைவின் முதல் பைட்டிலிருந்து இமேஜின் பைட்டுகளை அப்படியே பதிப்பது. பழையது எல்லாம் அழிந்துவிடும். எழுதுவதற்கு முன் இமேஜின் ஷா256 எண்ணை (கோப்பு சிறிது மாறினாலும் இது மாறிவிடும்), வெளியிட்டவர்கள் கொடுத்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதியில் நின்றுபோன டவுன்லோடால் வரும் கோளாறுகளுக்கு இயங்குதளத்தைக் குறை சொல்லி நாள் கணக்கில் தேடுபவர்கள் இருக்கிறார்கள்.

6. பயாஸ், யூஇஎஃப்ஐ ரெண்டுல எதுல போடறது? எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒண்ணுதானா?

இல்லை. முதலில் முடிவு செய்ய வேண்டியதே இதுதான். இரண்டும் ஃபர்ம்வேர், அதாவது மதர்போர்டிலேயே பதிந்திருந்து கணினியை எழுப்பும் மென்பொருள், வகைகள். பழைய பயாஸ் முறையில் கணினி டிஸ்க்கின் முதல் 512 பைட்டை நினைவகத்தில் ஏற்றி அதை ஓட்டும். அந்த 512-ல் பூட் நிரலுக்குக் கிடைப்பது 446 பைட். அடுத்த 64 பைட் நான்கு பார்ட்டிஷன்களின் அட்டவணை, கடைசி 2 பைட் அடையாளக் குறி. இதுதான் எம்பிஆர். 512 பைட் செக்டர் உள்ள டிஸ்க்கில் இதன் எல்லை சுமார் 2 டெராபைட்.

யூஇஎஃப்ஐ முறை வேறு மாதிரி. கணினியின் ஃபர்ம்வேருக்கே ஃபேட் கோப்பு முறைமையைப் படிக்கத் தெரியும். டிஸ்க்கில் இஎஸ்பி என்ற சிறு ஃபேட் பார்ட்டிஷன் இருக்கும், அதில் இஎஃப்ஐ என்ற ஃபோல்டர், அதற்குள் பூட் என்ற ஃபோல்டர், அதற்குள் பூட்எக்ஸ்64 என்ற பெயரில் ஒரு நிரல். வேறு எந்தக் குறிப்பும் இல்லாவிட்டால் ஃபர்ம்வேர் இந்த இடத்தைத்தான் தேடும். இந்தப் பாதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கேள்வி 11-ல் தேவைப்படும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை இயங்குதளமும் கணினியும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. ரியாக்ட்ஓஎஸ்ஸுக்குப் பழைய பயாஸ் முறைதான் நம்பகமானது. ஹைக்கூவும் 9ஃபிரன்ட்டும் இரண்டிலும் ஓடும். ஆனால் புதிய கணினிகள் பலவற்றில் பழைய முறையே கிடையாது. 2020-க்குள் அதைக் கைவிடுவதாக இன்டெல் 2017-லேயே அறிவித்தது. பென் டிரைவை எந்த முறையில் எழுப்பினீர்களோ அதே முறையில் டிஸ்க்கிலிருந்தும் எழுப்புங்கள். நிறுவும்போது ஒன்று, பிறகு இன்னொன்று என்று மாறிவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தடுமாற்றம்.

7. செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணணுமாமே, ஆபத்தில்லையா?

ஆஃப் செய்துதான் ஆக வேண்டும். ஃபர்ம்வேரில் உள்ள சாவிகளால் கையொப்பமிட்ட பூட்லோடரை மட்டும் செக்யூர் பூட் அனுமதிக்கும். சோதனை நிலைத் திட்டங்கள் பெரும்பாலும் அந்தக் கையொப்பத்தை வாங்குவதில்லை. தனிக் கணினியில் விளையாடுகிறீர்கள் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. அதே கணினியில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதி) போட்ட விண்டோஸ் இருந்தால், ஆஃப் செய்த பிறகு மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அந்தச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு கை வையுங்கள்.

8. எந்த மாதிரி கம்ப்யூட்டர்ல போட்டா சுலபமா முடியும்?

சற்றுப் பழையது. புத்தம்புதிய மடிக்கணினியில் வைஃபை, டச்பேட், கிராஃபிக்ஸ் மூன்றுமே சில மாதங்களுக்கு முன் சந்தைக்கு வந்த சில்லுகளாக இருக்கும், அவற்றுக்கு டிரைவர் எழுத இந்தத் திட்டங்களில் ஆள் போதாது. அலுவலகங்களில் நிறைய ஓடிய, சாட்டா டிஸ்க்கும் கம்பி வழி ஈதர்நெட்டும் இன்டெல் கிராஃபிக்ஸும் உள்ள ஒரு மேசைக் கணினி என்றால் பாதி பிரச்சினை வராமலே போய்விடும். உங்கள் கணினியின் அதே மாடலில் அந்த இயங்குதளத்தை ஏற்கெனவே ஓட்டிய ஒருவர் எழுதி வைத்த குறிப்பு கிடைத்தால் அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

9. பென் டிரைவ்ல பூட் ஆகுது, லோகோ வருது, அப்புறம் "டிஸ்க் கிடைக்கலை"ன்னு நின்னுடுது. பென் டிரைவ்ல இருந்துதானே பூட் ஆச்சு, அப்புறம் எப்படிக் கிடைக்காம போகும்?

இதைப் புரிந்துகொண்டால் இந்த உலகில் பாதிப் புதிர்கள் அவிழ்ந்துவிடும். ஆரம்பத்தில் பென் டிரைவைப் படிப்பது உங்கள் இயங்குதளம் அல்ல, ஃபர்ம்வேர். பூட்லோடர் ஃபர்ம்வேரிடம் கேட்டுக் கெர்னலை நினைவகத்தில் ஏற்றுகிறது. கெர்னல் ஓடத் தொடங்கி ஃபர்ம்வேரை ஒதுக்கிவிட்ட அந்த நொடியிலிருந்து எல்லாவற்றையும் கெர்னலே தன் டிரைவர்களால் செய்துகொள்ள வேண்டும். உங்கள் யூஎஸ்பி கன்ட்ரோலருக்கு அதனிடம் சரியான டிரைவர் இல்லை என்றால், தான் எந்தப் பென் டிரைவிலிருந்து வந்ததோ அதையே அதனால் பார்க்க முடியாது. ஹைக்கூவில் பூட் பார்ட்டிஷன் எதையும் காணவில்லை என்று ஒரு பிழைத்திரை வந்து நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

செய்து பார்க்க வேண்டியவை: பென் டிரைவை யூஎஸ்பி 2 துளைக்கு மாற்றுங்கள். நடுவில் ஹப் இருந்தால் எடுத்துவிடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சிடி டிரைவ் உள்ள கணினியில் சிடியிலிருந்து முயலுங்கள். அதையும் விட்டால், இமேஜை சாட்டா டிஸ்க் ஒன்றில் நேரடியாக எழுதி அதை உள்ளே பொருத்தி எழுப்பலாம். டெபியன் ஹர்டில் யூஎஸ்பி டிஸ்க்குக்கான ஆதரவே 2025 ஆகஸ்ட் வெளியீட்டில்தான் வந்தது. அதனால் பழைய இமேஜ் கையில் இருந்தால் முதலில் புதியதை இறக்குங்கள்.

ரெடாக்ஸின் நேரலை இமேஜ் இந்தச் சிக்கலை வேறு வழியில் தாண்டுகிறது. ஃபர்ம்வேர் இன்னும் கையில் இருக்கும்போதே பூட்லோடர் மொத்தக் கோப்பு முறைமையையும் நினைவகத்தில் ஏற்றிவிடும். பிறகு பென் டிரைவே தேவையில்லை.

10. லைவ்வா நல்லா ஓடுது. ஆனா இன்ஸ்டாலர்ல என் ஹார்ட் டிஸ்க்கே தெரியலையே?

மேலே சொன்னதேதான், இந்தத் தடவை யூஎஸ்பிக்குப் பதில் டிஸ்க் கன்ட்ரோலர். ஃபர்ம்வேர் அமைப்புகளுக்குள் போய் சாட்டா முறை என்னவென்று பாருங்கள். ரெய்டு என்றோ இன்டெல் ஆர்எஸ்டி என்றோ விஎம்டி என்றோ இருந்தால், டிஸ்க் ஒரு திரைக்குப் பின்னால் நிற்கிறது என்று பொருள். ஏஹெச்சிஐ என்று மாற்றினால் பெரும்பாலும் டிஸ்க் தெரிந்துவிடும். அதே டிஸ்க்கில் விண்டோஸ் இருந்தால் இந்த மாற்றத்துக்குப் பிறகு அது எழும்பாமல் போகலாம், ஆகவே கேள்வி 12-ஐப் படித்துவிட்டு மாற்றுங்கள்.

என்விஎம்இ டிஸ்க் என்றால் அந்த இயங்குதளத்தில் அதற்கு டிரைவர் உண்டா என்று முன்கூட்டியே பாருங்கள். ஹைக்கூவிலும் 9ஃபிரன்ட்டிலும் உண்டு.

11. இன்ஸ்டால் முடிஞ்சது, பென் டிரைவை எடுத்தேன், "பூட் டிவைஸ் இல்லை"ன்னு வருது. எல்லாம் போச்சா?

எதுவும் போகவில்லை. கோப்புகள் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கின்றன, அங்கே போகும் வழிதான் இல்லை. பயாஸ் முறையில் என்றால் எம்பிஆரில் பூட் நிரல் எழுதப்படவில்லை, அல்லது பார்ட்டிஷன் "ஆக்டிவ்" என்று குறிக்கப்படவில்லை. பென் டிரைவிலிருந்து மறுபடி எழுப்பி, இன்ஸ்டாலரிலேயே பூட் மெனுவை எழுதும் பகுதியைத் தேடுங்கள்.

யூஇஎஃப்ஐ முறையில் என்றால் கேள்வி 6-ல் சொன்ன இடத்தில் பூட்லோடர் இல்லை. சில இன்ஸ்டாலர்கள் கோப்புகளை நகலெடுப்பதோடு நிறுத்திக்கொள்ளும். இஎஸ்பிக்குள் பூட்லோடரை வைப்பது உங்கள் பொறுப்பு. ஹைக்கூவில் இதைக் கையால் செய்ய நேரலாம்: நேரலையாக எழுப்பி, டிஸ்க்கின் ஃபேட் பார்ட்டிஷனை மவுன்ட் செய்து, ஹைக்கூவின் பூட்லோடர் கோப்பை அந்தப் பாதையில் பூட்எக்ஸ்64 என்ற பெயரில் வைத்தால் போதும்.

இதற்குக்கூட வேறொரு இயங்குதளம் தேவையில்லை என்று சொல்வதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. யூஇஎஃப்ஐ ஷெல் என்று ஒன்று இருக்கிறது. சில மதர்போர்டுகளில் உள்ளேயே இருக்கும், இல்லாவிட்டால் ஒரே ஒரு கோப்பாக ஃபேட் பென் டிரைவில் போட்டு எழுப்பலாம். ஃபோல்டர் உருவாக்க, கோப்பை நகலெடுக்க, பூட் பட்டியலில் புதிய வரியைச் சேர்க்க அதற்குத் தெரியும். எந்த இயங்குதளமும் ஓடாத நிலையில், ஃபர்ம்வேரை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கோளாறைச் சரிசெய்துவிடலாம்.

12. விண்டோஸ் இருக்கற அதே டிஸ்க்ல ஒரு ஓரமா போட்டுக்கலாமா?

வேண்டாம். முடியாது என்பதால் சொல்லவில்லை, பார்ட்டிஷன் அட்டவணையை எழுதும் நிரலே சோதனை நிலையில் இருக்கிறது என்பதால் சொல்கிறேன். அது ஒரு தடவை தவறாக எழுதினால் போவது உங்கள் புகைப்படங்களும் ஆவணங்களும். தனி டிஸ்க் வாங்கிப் பொருத்துங்கள், நிறுவும்போது விண்டோஸ் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். மடிக்கணினியில் கழற்ற முடியாதென்றால் பென் டிரைவிலோ வெளிப்புற டிஸ்க்கிலோ நிறுவிக்கொள்ளலாம். அதுவும் முழுமையான நிறுவல்தான்.

13. பாதியில எல்லாம் உறைஞ்சு போச்சுன்னா? லினக்ஸ் ரெஸ்க்யூ டிஸ்க் இல்லாம எப்படித் திரும்பறது?

கேள்வி 4-ல் தயாரித்த இரண்டாவது பென் டிரைவை எடுங்கள். சேதமான டிஸ்க்கைச் சரிபார்க்க ஏற்றது அந்தக் கோப்பு முறைமையை எழுதிய இயங்குதளமே. கேள்வி 3-ல் சொன்ன காரணம் இங்கேயும் பொருந்தும்.

திரைதான் பிரச்சினை என்றால் நிறுவல் வரை போகவே வேண்டாம். பூட்லோடரில் பாதுகாப்பு முறை இருக்கிறதா என்று பாருங்கள். ஹைக்கூவில் பூட் ஆகும்போது ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்தால், யூஇஎஃப்ஐ என்றால் ஸ்பேஸ் விசையைத் தட்டினால், ஒரு மெனு வரும். எளிய வீடியோ முறை, சில டிரைவர்களை விலக்குவது எல்லாம் அங்கே உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஐந்தையும் ஒன்றாக மாற்றி எழும்பிவிட்டால், எதனால் எழும்பியது என்று தெரியாமல் போய்விடும்.

14. கிரப் போட்டா அது லினக்ஸ் துணைதானே? டிரைவர் கோடெல்லாம்கூட லினக்ஸ், பிஎஸ்டில இருந்து எடுத்ததாமே?

கிரப் என்ற பூட்லோடரை லினக்ஸின் சொத்து என்று நினைப்பது இயல்பு, ஆனால் அது பிறந்ததே ஹர்டுக்காக. 1995-ல் எரிக் போலின் என்பவர் ஹர்டை மாக் என்ற மைக்ரோகெர்னலோடு (மிகச் சிறிய கெர்னல்) எழுப்ப முயன்றபோது, ஒவ்வொரு கெர்னலுக்கும் ஒரு பூட்லோடர் என்ற நிலையை மாற்ற விரும்பினார். அதிலிருந்து மல்டிபூட் என்ற பொது விதியும் கிரப்பும் வந்தன. லினக்ஸ் விநியோகங்கள் அதைப் பரவலாக ஏற்றுக்கொண்டது பின்னால்.

டிரைவர்கள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஹைக்கூவின் நெட்வொர்க் டிரைவர்களில் பல ஃப்ரீபிஎஸ்டியிலிருந்து ஓர் இணக்க அடுக்கின் வழியாக வருகின்றன. ஹர்டு தன் டிஸ்க் டிரைவர்களை இப்போது நெட்பிஎஸ்டியின் ரம்ப் அடுக்கிலிருந்து எடுக்கிறது. இதை நான் சார்ந்திருப்பதாக எண்ணுவதில்லை. மூலநிரலைப் பகிர்ந்துகொள்வது எல்லாத் திட்டங்களும் செய்வது. உங்கள் கணினியில் நிறுவுவதற்கோ ஓட்டுவதற்கோ ஃப்ரீபிஎஸ்டியோ நெட்பிஎஸ்டியோ தேவைப்படுகிறதா என்பதுதான் கேள்வி, தேவைப்படவில்லை.

15. தன்னையே தனக்குள்ள கம்பைல் பண்ண முடிஞ்சாத்தான் அது முழுசா தனிச்சு நிக்குதுன்னு சொல்றாங்களே?

கேள்வி 2-ன் மூன்றாம் படி இது. எந்த இயங்குதளமும் முதல் நாளே இந்த நிலையில் இருப்பதில்லை. 1969-ல் கென் தாம்ப்சன் யூனிக்ஸை எழுதத் தொடங்கியபோது பிடிபி-7 கணினிக்கான நிரலை ஜிஇ-635 என்ற வேறொரு பெரிய கணினியில் உருவாக்கி, காகித நாடாவில் துளையிட்டு எடுத்துப்போய்த்தான் ஏற்றினார். பிடிபி-7-லேயே ஓடும் அசெம்ப்ளர் வந்த பிறகுதான் யூனிக்ஸ் சொந்தக் காலில் நின்றது. லினக்ஸும் அப்படியே. 1991 செப்டம்பரில் வந்த 0.01-ஐக் கம்பைல் செய்ய மினிக்ஸ் என்ற வேறொரு இயங்குதளம் வேண்டியிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த 0.11 தன்னைத்தானே கம்பைல் செய்துகொண்டது. 1992 பிப்ரவரியில் மான்செஸ்டர் கம்ப்யூட்டிங் சென்டரிலிருந்து எம்சிசி இன்டெரிம் வந்தபோது, மினிக்ஸ் இல்லாதவர்களும் ஃப்ளாப்பிகளை வைத்து லினக்ஸை நிறுவ முடிந்தது.

இன்று 9ஃபிரன்ட்டில் மொத்த இயங்குதளத்தையும் அதற்குள்ளேயே சில நிமிடங்களில் கம்பைல் செய்துவிடலாம். இந்தப் பட்டியலில் என்னை அதிகம் கவர்வது அதுதான். ஹைக்கூவும் தன்னைத்தானே கட்டிக்கொள்ளும். இன்னொரு முனையில் செரினிட்டிஓஎஸ் இருக்கிறது. அது தயார் இமேஜ்களையே வெளியிடுவதில்லை, லினக்ஸ் போன்ற ஒன்றில் நீங்களே கம்பைல் செய்துகொள்ள வேண்டும். துணையில்லாமல் நிறுவ வேண்டும் என்பது உங்கள் நோக்கமானால் அது இப்போதைக்குப் பொருந்தாது.

16. விர்ச்சுவல் மெஷின்ல போட்டா கணக்குல சேருமா?

ஒத்திகைக்கு மிக நல்லது. கெமுவிலோ வர்ச்சுவல்பாக்ஸிலோ ஒரு தடவை நிறுவிப் பார்த்தால் இன்ஸ்டாலர் என்ன கேட்கும், எங்கே அழிக்கும் என்பது பழகிவிடும். ஆனால் அங்கே கிடைப்பது எல்லா டிரைவர்களும் பழகிய போலி வன்பொருள், அடியில் வேறொரு இயங்குதளமும் ஓடுகிறது. அங்கே ஓடியது உங்கள் கணினியிலும் ஓடும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை.

17. நெட்டே வரலை. நெட் இல்லாம இன்ஸ்டால் முடிக்க முடியுமா?

முடியும். நெட்வொர்க் வழியாக மட்டுமே நிறுவும் சிறிய இமேஜுக்குப் பதில் முழு இமேஜைத் தேர்ந்தெடுங்கள். வைஃபை சில்லுகளுக்குத் தனி ஃபர்ம்வேர் கோப்புகள் தேவைப்படலாம், உரிமம் காரணமாக அவை இமேஜில் இல்லாமல் இருக்கலாம். ஈதர்நெட் கேபிளைச் செருகி முதல் நிறுவலை முடித்துவிட்டு வைஃபையைப் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள்.

பிஎக்ஸ்இ வழியாக நெட்வொர்க்கிலிருந்து பூட் செய்யலாமா என்றும் கேட்கிறார்கள். செய்யலாம், ஆனால் மறுமுனையில் இமேஜைத் தரும் சர்வரில் ஏதோ ஒரு இயங்குதளம் ஓட வேண்டும். அந்தச் சர்வரும் 9ஃபிரன்ட்டாகவே இருக்கலாம். பிளான் 9 குடும்பத்தில் ஒரு கணினி மற்றக் கணினிகளை நெட்வொர்க் வழியாக எழுப்புவது ஆரம்பத்திலிருந்தே உள்ள ஏற்பாடு.

18. டிஸ்க்கை முழுசா அழிச்சு போட்டாலும் மதர்போர்டுக்குள்ள இன்னொரு ஓஎஸ் ஓடுதாமே, உண்மையா?

உண்மை. இன்டெல் சிப்செட்டுகளில் மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற தனிச் சிறு கணினி இருக்கிறது. அதன் 11-ஆம் பதிப்பு மினிக்ஸ் 3-ஐ அடிப்படையாகக் கொண்டது என்று 2017-ல் ஆய்வாளர்கள் வெளிக்கொண்டுவந்தார்கள். மினிக்ஸை எழுதிய ஆண்ட்ரூ டானன்பாமே இன்டெல்லுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். யூஇஎஃப்ஐயும் டிரைவர்கள், கோப்பு முறைமை, நெட்வொர்க் எல்லாம் கொண்ட, கிட்டத்தட்ட ஒரு இயங்குதளம்தான். கேள்வி 11-ன் ஷெல் அதற்குச் சாட்சி.

இதற்காக முயற்சியைக் கைவிடத் தேவையில்லை. சில மதர்போர்டுகளில் தயாரிப்பாளரின் ஃபர்ம்வேருக்குப் பதில் கோர்பூட் என்ற திறந்த மூல ஃபர்ம்வேரைப் போடலாம். ஆனால் கேள்வி 2-ன் மூன்று படிகளும் ஃபர்ம்வேருக்கு மேலே நடப்பவை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் எங்கும் நகர முடியாது.

19. அப்ப எதையுமே நம்பாம, பூஜ்யத்துல இருந்து ஒரு சிஸ்டத்தைக் கட்ட முடியுமா?

அந்தத் திசையில் வியக்கத்தக்க வேலை நடந்திருக்கிறது. 2023-ல் கிக்ஸ் என்ற லினக்ஸ் விநியோகத் திட்டம் தன் மென்பொருள்கள் அத்தனையையும் 357 பைட் அளவுள்ள ஒரே ஒரு விதை நிரலிலிருந்து படிப்படியாகக் கட்டிக் காட்டியது. அந்த நிரலை மனிதர் ஒருவர் எண்களாகப் படித்துச் சரிபார்க்கலாம். அப்போதும் கீழே லினக்ஸ் கெர்னல் ஓடியது. அதையும் நீக்க பில்டர்-ஹெக்ஸ்0 என்ற மிகச் சிறிய கெர்னல் வந்தது. அதுவும் பதினாறடிமான எண்களாகவே எழுதப்பட்டது, பயாஸிலிருந்து நேரடியாக எழும்பும். லைவ்-பூட்ஸ்டிராப் என்ற திட்டம் அதிலிருந்து தொடங்கிக் கம்பைலர்களை ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு போகிறது. உங்களிடம் பயாஸ் முறையில் எழும்பும் பழைய கணினியும் பொறுமையும் இருந்தால் செய்து பாருங்கள், கணினி அடியிலிருந்து எப்படி எழும்புகிறது என்பது இதைவிடத் தெளிவாக வேறெங்கும் தெரியாது.

20. போட்டாச்சு, ஓடுது. அப்டேட் வரும்போதெல்லாம் மறுபடி பென் டிரைவா?

பெரும்பாலும் தேவையில்லை. ஆனால் சோதனை நிலையில் ஒரு அப்டேட் கணினியை எழும்பவிடாமல் செய்வது சாதாரணம், அதனால் பின்வாங்கும் வழியை முதலிலேயே அமைத்துக்கொள்ளுங்கள். ஹைக்கூவில் ஒவ்வொரு அப்டேட்டுக்கு முந்தைய தொகுப்பு நிலையும் சேமிக்கப்படும். கேள்வி 13-ன் பூட் மெனுவில் பழைய நிலையைத் தேர்ந்தெடுத்து எழுப்பலாம். 9ஃபிரன்ட்டில் புதிய கெர்னலைப் பூட் பார்ட்டிஷனில் வைக்கும் முன் பழையதை வேறு பெயரில் அங்கேயே விட்டு வையுங்கள், புதியது மறுத்தால் பூட் நிலையில் பழையதன் பெயரைத் தட்டச்சு செய்தால் போதும். இப்படி ஏற்பாடு எதுவும் இல்லாதவற்றில், அப்டேட்டுக்கு முன் சொந்தக் கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, இரண்டாவது பென் டிரைவ் இன்னும் எழும்புகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.